சமனில் முடியும் சதுரங்க ஆட்டம்

சதுரங்கத்தில் சமநிலை என்பது, இரு ஆட்டக்காரர்களில் எவரும் வெல்லாமலும் தோற்காமலும் ஆட்டம் முடிவதாகும். பேச்சு வழக்கில் இதை 'டிரா' என்பர். வென்றவருக்கு 1 புள்ளி, தோற்றவருக்கு 0. சமநிலையில் இருவருக்கும் அரைப் புள்ளி.

சமநிலை பற்றிப் பொதுவாக இரண்டு தவறான எண்ணங்கள் உள்ளன. ஒன்று, இருவரும் களைத்துப்போய்க் கைகுலுக்கிக்கொள்வதுதான் சமநிலை என்பது. மற்றொன்று, சமநிலை தானாகவே வந்துவிடும் என்பது. உண்மையில் சமபலம் உள்ள இருவர் பிழையின்றி ஆடினால் கிடைக்கும் இயல்பான முடிவு சமநிலையே. அதற்குத் திட்டமான விதிகள் உள்ளன. அவற்றுள் சில, ஆட்டக்காரர் முறைப்படி கோரினால் மட்டுமே நடைமுறைக்கு வரும். கோரத் தெரியாதவர் கைக்கு வந்த அரைப் புள்ளியை இழக்க நேரிடும்.

இக்கட்டுரையில் காய்களின் பெயர்கள் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் எனத் தரப்பட்டுள்ளன. யானையைக் கோட்டை என்றும் மந்திரியைப் பிஷப் என்றும் அழைப்பதுண்டு. வெள்ளைக் காய்களை ஆடுபவரின் இடப்புறத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்ற எழுத்துகளாலும், அவர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையான எண்களாலும் கட்டங்கள் குறிக்கப்படுகின்றன.

சமபலம் என்றால் என்ன?

ஆட்டக்காரர்களின் திறனை ஒப்பிட 'ஈலோ' தரப்புள்ளி முறை பயன்படுகிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ இதனை உருவாக்கினார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் இதனை ஏற்றுக்கொண்டது. இம்முறைப்படி, ஒரே தரப்புள்ளி உள்ள இருவர் மோதினால் ஒவ்வொருவருக்கும் எதிர்பார்க்கப்படும் புள்ளி ஓர் ஆட்டத்துக்கு 0.5 ஆகும். ஒருவர் 200 புள்ளி உயர்ந்தவர் எனில், அவருக்கு எதிர்பார்க்கப்படுவது ஏறக்குறைய 0.76 ஆகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சராசரி 0.5 என்பதால் ஒவ்வோர் ஆட்டமும் சமனில் முடியும் என்று பொருளல்ல. ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்றாலும் சராசரி 0.5 தான். தொடக்க நிலை ஆட்டக்காரர்கள் சமபலத்தில் இருந்தாலும் இருவருமே அடிக்கடி பிழை செய்வதால் வெற்றி, தோல்வி மாறி மாறி வரும். திறன் உயர உயரப் பிழை குறைகிறது, சமநிலை மிகுகிறது.

முதல் நகர்த்தல் வெள்ளைக்கு உரியது. அதனால் வெள்ளைக்குச் சிறிய முன்னிலை உண்டு. ஆனால் எதிராளி பிழை செய்யாதவரை வெல்வதற்கு அந்த முன்னிலை போதாது என்பதே வல்லுநர்களின் பொதுவான கருத்து. சதுரங்கத்தில் இது இன்னும் கணித முறைப்படி நிறுவப்படவில்லை. ஆனால் 64 கட்டப் பலகையில் ஆடப்படும் செக்கர்ஸ் என்னும் எளிய விளையாட்டில், இருவரும் பிழையின்றி ஆடினால் முடிவு சமநிலையே என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் கணினியின் துணையால் நிறுவினர்.

சமநிலை உருவாகும் வழிகள்

1. ஸ்டேல்மேட்: ஆட வேண்டியவரின் ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் விதிப்படி நகர்த்த ஒரு காயும் இல்லை. ஆட்டம் உடனே சமனில் முடியும். எடுத்துக்காட்டாக, கறுப்பிடம் எச்8 கட்டத்தில் ராஜா மட்டுமே உள்ளது. வெள்ளை ராணி ஜி6-க்கு வருகிறது. ஜி7, ஜி8, எச்7 ஆகிய மூன்று கட்டங்களையும் ராணி காக்கிறது. ராஜாவுக்குச் செக் இல்லை. போக இடமும் இல்லை. ராணி கையில் இருந்தும் வெள்ளைக்கு அரைப் புள்ளிதான். வெல்லும் ஆட்டத்தைச் சிறுவர்கள் கைவிடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

குறைந்த பலம் உள்ளவர் தற்காத்துக்கொள்ளவும் ஸ்டேல்மேட் உதவும். வெள்ளை ராஜா இ6-இலும் வெள்ளைச் சிப்பாய் இ7-இலும், கறுப்பு ராஜா இ8-இலும் உள்ளன. கறுப்பு ஆட வேண்டும். டி8, எஃப்8 இரண்டும் சிப்பாயின் தாக்குதலில் உள்ளன. டி7, எஃப்7 இரண்டும் வெள்ளை ராஜாவின் காவலில் உள்ளன. சிப்பாயை வெட்டவும் முடியாது, அதையும் வெள்ளை ராஜா காக்கிறது. எனவே சமநிலை. சிப்பாய் ராணியாக மாற ஒரே ஒரு கட்டம் இருக்கும்போது, அக்கட்டத்தில் ராஜாவை நிறுத்தத் தெரிந்தவர் தப்பிவிடுகிறார்.

2. செக்மேட் செய்ய வழியற்ற நிலை: பலகையில் எஞ்சியுள்ள காய்களைக் கொண்டு எவரும் எந்த வகையிலும் செக்மேட் செய்ய இயலாது என்றால் ஆட்டம் உடனே முடிகிறது. இரு ராஜாக்கள் மட்டும் எஞ்சுவதும், ராஜாவுக்கு எதிராக ராஜாவும் ஒரு மந்திரியும், அல்லது ராஜாவும் ஒரு குதிரையும் எஞ்சுவதும் இவ்வகை.

3. ஒரே நிலை மூன்று முறை வருதல்: பலகையில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தாலோ, வரப்போகிறது என்றாலோ, ஆட வேண்டியவர் சமநிலை கோரலாம். மூன்று முறையும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே வகைக் காய்கள் அதே கட்டங்களில் இருக்க வேண்டும். ஆட வேண்டியவரும் அவரே ஆக இருக்க வேண்டும். செய்யக்கூடிய நகர்த்தல்களும் மாறாதிருக்க வேண்டும். ராஜாவுக்குக் கோட்டை கட்டும் உரிமை முன்பு இருந்து பிறகு போயிருந்தால், பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் அது வேறு நிலையே.

எதிராளியின் ராஜாவுக்கு முடிவின்றிச் செக் வைத்துக்கொண்டே இருப்பதைத் தொடர் செக் என்பர். இதற்கெனத் தனி விதி கிடையாது. மூன்று முறை விதியால்தான் அது சமநிலை ஆகிறது.

4. ஐம்பது நகர்த்தல் விதி: இருவரும் ஆளுக்கு 50 நகர்த்தல் ஆடியும் எந்தச் சிப்பாயும் நகரவில்லை, எந்தக் காயும் வெட்டப்படவில்லை என்றால் சமநிலை கோரலாம்.

5. உடன்பாடு: இருவரும் ஒப்புக்கொண்டு ஆட்டத்தை முடிப்பது.

இவற்றுள் முதல் இரண்டும் தாமாகவே நடைமுறைக்கு வருபவை. மூன்றாவதும் நான்காவதும் கோர வேண்டியவை. கோராமலே ஆடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரே நிலை ஐந்து முறை வந்தாலோ, ஆளுக்கு 75 நகர்த்தல் சிப்பாய் நகராமலும் வெட்டு இல்லாமலும் கடந்தாலோ ஆட்டம் சமனில் முடிந்ததாகும். அப்போது கோரிக்கை தேவையில்லை. 75-ஆவது நகர்த்தலிலேயே செக்மேட் விழுந்தால் மட்டும் செக்மேட்டே செல்லும்.

இவை தவிர, ஒருவரின் நேரம் தீர்ந்துபோய், எதிராளியிடம் எந்த வகையிலும் செக்மேட் செய்யக் காய் இல்லை என்றாலும் ஆட்டம் சமனாகும்.

சென்னையில் 16 நகர்த்தல்களில் முடிந்த ஆட்டம்

மூன்று முறை விதிக்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 2013-ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டி சென்னையில் நடைபெற்றது. அப்போதைய உலகச் சாம்பியன் விசுவநாதன் ஆனந்தும், தரவரிசையில் முதலிடத்தில் இருந்த நார்வேயின் மாக்னசு கார்ல்சனும் மோதினர். முதல் ஆட்டம் நவம்பர் 9 அன்று நடந்தது. கார்ல்சனுக்கு வெள்ளை, ஆனந்துக்குக் கறுப்பு. அந்த ஆட்டம் 16 நகர்த்தல்களில் முடிந்தது.

பலகை வைத்திருப்பவர்கள் ஆடிப் பார்க்கலாம்.

வெள்ளையின் முதல் எட்டு நகர்த்தல்கள்: குதிரை எஃப்3, சிப்பாய் ஜி3, மந்திரி ஜி2, சிப்பாய் டி4, ராஜா பக்கம் கோட்டை கட்டுதல், சிப்பாய் பி3, மந்திரி பி2, சிப்பாய் சி4.

கறுப்பின் முதல் எட்டு: சிப்பாய் டி5, சிப்பாய் ஜி6, மந்திரி ஜி7, சிப்பாய் சி6, குதிரை எஃப்6, ராஜா பக்கம் கோட்டை கட்டுதல், மந்திரி எஃப்5, பி8-இல் இருந்த குதிரை டி7.

9-ஆவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்தது. கறுப்புச் சிப்பாய் சி4-இல் வெட்டியது. 10-ஆவதில் வெள்ளை, பி3 சிப்பாயால் அதைத் திருப்பி வெட்டினார். கறுப்புக் குதிரை பி6-க்கு வந்து சி4 சிப்பாயைக் குறிவைத்தது. 11-ஆவதில் அந்தச் சிப்பாய் சி5-க்கு முன்னேறிக் குதிரையைத் தாக்கியது. குதிரை சி4-க்குத் தாவி பி2 மந்திரியைத் தாக்கியது. 12-ஆவதில் மந்திரி சி1-க்குத் திரும்பியது. கறுப்பின் மற்றொரு குதிரை டி5-க்கு வந்து சி3 குதிரையைத் தாக்கியது.

முடிச்சு இங்கேதான் விழுகிறது. வெள்ளையின் சி3 குதிரைக்குக் காவல் வேண்டும். 13-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராணியை பி3-க்குக் கொண்டுவந்தார். அது சி3 குதிரையைக் காக்கிறது; அதோடு காவலற்று நிற்கும் சி4 குதிரையையும் தாக்குகிறது. ஆனந்த் அந்தக் குதிரையை ஏ5-க்கு நகர்த்தினார். ஏ5 குதிரைக்குத் தன் ராணியின் காவல் உண்டு. அங்கிருந்து அது வெள்ளை ராணியைத் தாக்குகிறது. ராணி விலக வேண்டும். விலகினாலும் சி3 குதிரையின் காவலை விட்டுவிடக் கூடாது. 14-ஆவதில் ராணி ஏ3-க்குப் போனது. குதிரை மீண்டும் சி4-க்கு வந்து ராணியைத் தாக்கியது. 15-ஆவதில் ராணி பி3, குதிரை ஏ5. 16-ஆவதில் ராணி ஏ3, குதிரை சி4.

அடுத்து ராணி பி3-க்குத் திரும்பினால், பி3-இல் ராணியும் சி4-இல் குதிரையும் இருக்க, கறுப்பு ஆட வேண்டிய நிலை மூன்றாம் முறை வரும். 13, 15 ஆகிய நகர்த்தல்களில் அது ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டது. ஆட்டம் அத்துடன் சமனில் முடிந்தது.

அப்போது பலகையில் எத்தனை காய்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். மொத்தம் 32 காய்களில் இரண்டு சிப்பாய்கள் மட்டுமே வெட்டப்பட்டிருந்தன. 30 காய்கள் அப்படியே இருந்தன. எனவே இது காய்கள் தீர்ந்து வந்த சமநிலை அல்ல. ஒருவரின் ராணியும் மற்றவரின் குதிரையும் ஒன்றை ஒன்று விலக விடாமல் பிடித்துக்கொண்டதால் வந்த சமநிலை. வெள்ளைக் காய்களின் சிறு முன்னிலை பயனின்றிப் போனதால், கறுப்புடன் ஆடிய ஆனந்துக்கு இது நல்ல தொடக்கமாகவே கருதப்பட்டது.

அடுத்த மூன்று ஆட்டங்களும் சமனில் முடிந்தன. ஆனால் சமநிலை ஆட்டங்கள் தொடரின் முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடுவதில்லை. 5, 6, 9 ஆகிய ஆட்டங்களை வென்ற கார்ல்சன், 6½–3½ என்ற கணக்கில் நவம்பர் 22 அன்று உலகச் சாம்பியன் ஆனார்.

சிங்கப்பூர் 2024: கைநழுவிய சமநிலை

சமநிலையைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி சான்று. சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேசும், அப்போதைய சாம்பியனான சீனாவின் திங் லிரனும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை 14 ஆட்டங்கள் ஆடினர். முதல் ஆட்டத்தைத் திங் வென்றார். மூன்றாவதைக் குகேசு வென்றார். நான்கு முதல் பத்து வரை ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து சமனில் முடிந்தன. பதினோராவதைக் குகேசு வென்றார். பன்னிரண்டாவதைத் திங் வென்றார். பதின்மூன்றாவது 69 நகர்த்தல்களுக்குப் பின் சமனில் முடிந்தது. கணக்கு 6½–6½. இதைவிடச் சமமான இருவரைக் காண்பது அரிது.

இத்தொடரின் ஆறாவது ஆட்டத்தில், நகர்த்தல்களைத் திரும்பச் செய்து சமநிலை பெறும் வாய்ப்பு வந்தபோது, கறுப்புடன் ஆடிய குகேசு அதைத் தவிர்த்து வேறு நகர்த்தலைத் தேர்ந்தார். அவர் நிலை சிறப்பாக இருந்ததால் அல்ல. ஆட்டத்தைத் தொடரவே அவர் விரும்பினார். 46-ஆவது நகர்த்தலில் அந்த ஆட்டமும் சமனில்தான் முடிந்தது.

கடைசியான 14-ஆவது ஆட்டம் டிசம்பர் 12 அன்று நடந்தது. திங்குக்கு வெள்ளை. இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் எஞ்சியிருந்தன. குகேசிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அப்படியிருந்தும் சரியாகத் தற்காத்தால் சமநிலை கிடைக்கும் நிலை அது. சமனில் முடிந்திருந்தால் மறுநாள் விரைவு ஆட்டங்களால் சாம்பியன் முடிவாகியிருப்பார்.

55-ஆவது நகர்த்தலில் திங் தம் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். காய்களைக் குறைத்தால் சமநிலை எளிதாகும் என்பது பொதுவான அறிவுரை. இங்கே அதுவே பிழையானது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேசு தம் மந்திரியை டி5-இல் நிறுத்தினார். வெள்ளை மந்திரி ஏ8 மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு ஒரே ஒரு மூலைவிட்டப் பாதைதான் உண்டு. அந்தப் பாதையின் நடுவில் கறுப்பு மந்திரி நிற்கிறது. எங்கே நகர்ந்தாலும் மந்திரிகள் மாறுவதைத் தடுக்க முடியாது. அதன்பின் எஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. அந்த வகை இறுதி ஆட்டத்தில் ஒரு கூடுதல் சிப்பாயே வெற்றிக்குப் போதுமானது. 58-ஆவது நகர்த்தலுக்குப் பின் திங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7½–6½ என்ற கணக்கில் குகேசு உலகச் சாம்பியன் ஆனார்.

நான்கைந்து மணி நேரம் காத்த சமநிலை ஒரே நகர்த்தலில் போய்விடலாம். எந்தக் காயை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அறிவதே சமநிலையைக் காக்கும் கலை. இதை மாணவர்கள் இந்த ஆட்டத்திலிருந்து கற்கலாம்.

வரலாற்றில் சில சமநிலைத் தொடர்கள்

1984 செப்டம்பரில் மாசுகோவில் அனத்தோலி கார்ப்பொவும் காரி காசுப்பரோவும் உலகச் சாம்பியன் போட்டியைத் தொடங்கினர். ஆறு வெற்றிகளை முதலில் பெறுபவரே சாம்பியன். ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஒன்பது ஆட்டங்களுக்குள் கார்ப்பொவ் நான்கை வென்றுவிட்டார். தோல்வியின் விளிம்பில் இருந்த காசுப்பரோவ், பத்தாவது ஆட்டம் முதல் தொடர்ந்து 17 ஆட்டங்களைச் சமன் செய்தார். 27-ஆவதைக் கார்ப்பொவ் வென்று 5–0 என்றானார். அதன்பின் அவரால் ஆறாவது வெற்றியைப் பெற முடியவில்லை. 48 ஆட்டங்கள் முடிந்து, 5–3 என்ற நிலையில், 1985 பிப்ரவரி 15 அன்று போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. அந்த 48-இல் 40 ஆட்டங்கள் சமன். அவ்வாண்டே நடந்த புதிய போட்டியில் காசுப்பரோவ் வென்று உலகச் சாம்பியன் ஆனார். தோற்றுக்கொண்டிருப்பவர் தோல்வியை முதலில் நிறுத்த வேண்டும். வெற்றி பிறகுதான் என்பதை இத்தொடர் காட்டியது.

2012-இல் மாசுகோவில் ஆனந்தும் இசுரேலின் போரிசு கெல்பாண்டும் ஆடிய 12 ஆட்டங்களில் பத்து சமன். ஏழாவதைக் கெல்பாண்டு வென்றார். மறு ஆட்டத்திலேயே ஆனந்த் 17 நகர்த்தல்களில் வென்று ஈடுகட்டினார். 6–6 ஆனதும் விரைவு ஆட்டங்களில் 2½–1½ என ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். 2018-இல் இலண்டனில் கார்ல்சனும் அமெரிக்காவின் பாபியானோ கருவானாவும் ஆடிய 12 ஆட்டங்களும் சமன். விரைவு ஆட்டங்களில் கார்ல்சன் 3–0 என வென்றார். 2023 ஆகத்தில் பாக்குவில் நடந்த உலகக் கோப்பை இறுதியில், சென்னையின் பிரக்ஞானந்தா கார்ல்சனுடன் ஆடிய வழக்கமான ஆட்டங்கள் இரண்டும் சமனாயின. விரைவு ஆட்டங்களில்தான் கார்ல்சன் கோப்பையை வென்றார்.

சமநிலை மீதான குறை

சமநிலை மீது நியாயமான ஒரு குறையும் உண்டு. இருவரும் போராடாமல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களில் கைகுலுக்கிக்கொண்டால், பார்ப்பவருக்கும் பயனில்லை. ஆடியவரும் எதையும் கற்பதில்லை. இதைத் தடுக்க 2005-இல் பல்கேரியாவின் சோபியாவில் நடந்த போட்டியில், ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசிச் சமநிலை செய்துகொள்ளக் கூடாது என்ற கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. இது 'சோபியா விதி' எனப் பெயர் பெற்றது. சிங்கப்பூர் போட்டியிலும் 40 நகர்த்தல்களுக்கு முன் உடன்பாட்டின் மூலம் சமநிலை செய்ய அனுமதி இல்லை.

ஆனால் இத்தகைய கட்டுப்பாடுகள் உடன்பாட்டை மட்டுமே தடுக்கும். ஸ்டேல்மேட்டையோ, மூன்று முறை விதியையோ தடுப்பதில்லை. பேசி முடித்த சமநிலை வேறு. ஆடிப் பெற்ற சமநிலை வேறு.

மாணவர்கள் அறிய வேண்டிய நடைமுறை

கடலூர், சிதம்பரம் பகுதிப் பள்ளிப் போட்டிகளுக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற ஆண்டுகளில் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். சிதம்பரத்தில் நடந்த ஒரு போட்டியில், கடலூரிலிருந்து எங்களுடன் வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கடைசிச் சுற்றில் தோற்கும் நிலையில் இருந்தாள். ஆனாலும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் ராணியால் இ1-இல் ஒரு செக். எதிரியின் ராஜா எச்2-க்குப் போனதும் எச்4-இல் ஒரு செக். ராஜா ஜி1-க்குத் திரும்பியதும் மீண்டும் இ1. இப்படி மூன்று நான்கு முறை நடந்தது. எதிரில் இருந்த மாணவி, "ஒரே மாதிரி ஆடிக்கிட்டே இருக்கக் கூடாது, மாத்தி ஆடு" என்றாள். இவளும் அதை நம்பி ராணியை வேறிடத்துக்கு நகர்த்தினாள். அடுத்த நகர்த்தலில் செக்மேட். வெளியே வந்து, "டிரா ஆயிடுச்சுன்னுதான் நெனச்சேன் சார். அவங்களே வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன்" என்றாள். அவளிடம் நகர்த்தல் எழுதிய தாளும் இல்லை. கோர வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எனக்கே அன்று அந்த விதி முழுமையாகத் தெரியாது. அந்தத் தோல்வியில் அவளைவிட என் பங்கே அதிகம்.

எனவே பின்வருவனவற்றை மாணவர்களும், அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் நினைவில் கொள்ள வேண்டும்.

கோரும் முறை: உங்கள் அடுத்த நகர்த்தலால் ஒரே நிலை மூன்றாம் முறை வரும் என்றால், அந்த நகர்த்தலைப் பலகையில் ஆடிவிடக் கூடாது. தாளில் எழுதிவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்து, அந்த நகர்த்தலை ஆடப் போவதாகச் சொல்லிச் சமநிலை கோர வேண்டும். எதிராளியின் நகர்த்தலால் மூன்றாம் முறை வந்துவிட்டது என்றால், உங்கள் காய் எதையும் தொடாமல் உடனே கோர வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலுக்குக் கோரும் உரிமை போய்விடும்.

எழுதும் பழக்கம்: நடுவர் உங்கள் தாளை வைத்தே சரிபார்ப்பார். கோரிக்கை சரியென்றால் ஆட்டம் உடனே முடியும். தவறென்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தரப்பட்டு ஆட்டம் தொடரும். விரைவு ஆட்டங்களில் நகர்த்தல்களை எழுதுவது கட்டாயமில்லை. அப்போது நிலை திரும்ப வரத் தொடங்கும்போதே நடுவரை அழைத்து அருகில் நிற்கச் சொல்வது நல்லது.

மாற்றி ஆடக் கட்டாயம் இல்லை: ஒரே நகர்த்தலைத் திரும்பத் திரும்ப ஆடக் கூடாது என்ற விதி சதுரங்கத்தில் இல்லை. எதிராளி அப்படிச் சொன்னால் அவருடன் வாதிட வேண்டாம், நடுவரை அழையுங்கள்.

சமநிலை கேட்கும் முறை: முதலில் உங்கள் நகர்த்தலை ஆடுங்கள். பிறகு சமநிலைக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அதன்பின் கடிகாரத்தை அழுத்துங்கள். கேட்டதை இருவரும் தாளில் சமக் குறியிட்டுக் குறிக்க வேண்டும். கேட்டபின் திரும்பப் பெற முடியாது. எதிராளி வாயால் மறுக்கலாம். அல்லது தன் காயைத் தொட்டாலே மறுத்ததாகும். அடிக்கடி கேட்டுத் தொல்லை தருவது விதிமீறல்.

ஏற்குமுன் யோசித்தல்: எதிராளி சமநிலை கேட்டதும் பெயரையும் தரப்புள்ளியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பலகையைப் பாருங்கள். நல்ல நிலையில் இருப்பவரிடம் தோற்கப்போகிறவர் சமநிலை கேட்பதுண்டு.

ஐந்து சுற்றுப் போட்டியில் பரிசு பெறுபவருக்கும் பெறாதவருக்கும் இடையிலான வேறுபாடு பல வேளைகளில் அரைப் புள்ளிதான். அந்த அரைப் புள்ளி, வென்று பெற்ற ஒரு புள்ளியைப் போலவே உழைத்துப் பெற்றது. ஆனால் அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.